கிராண்ட் கேன்யன்: வடக்கிலிருந்து வலமாக

செப்டம்பர் 25, 2024. புதன் இரவு, லாஸ் வேகஸ்

எந்தப் பக்கம் முதலில் போவது என்று முடிவாகி மூன்று வாரம் ஆகிறது, ஆனால் வாக்குவாதம் இன்று இரவுச் சாப்பாடு வரை ஓயவில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கிளம்புகிறோம். நான், வீட்டுக்காரர், மன்னார்குடியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அத்தை. அத்தை என்றால் மாமியார்தான். வயது 68, இரண்டு முட்டியிலும் வலி, வாயில் மட்டும் எந்தக் குறையும் கிடையாது.

குழப்பம் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். கொலராடோ ஆறு 277 மைல் நீளத்துக்கு அறுத்துப் போட்ட பள்ளம் அது, ஆழம் ஒரு மைல். தெற்கு விளிம்பில் நின்றாலும் பார்க்கலாம், வடக்கு விளிம்பில் நின்றாலும் பார்க்கலாம். இரண்டுக்கும் நடுவில் காக்கை பறந்தால் பத்து மைல்தான். காரில் போனால் 215 மைல், சுற்றிக்கொண்டு ஐந்து மணி நேரம், ஏனென்றால் நடுவில் கார் போகிற பாலம் எதுவும் இல்லை. வேகஸிலிருந்து வடக்குக்கும் நாலரை மணி நேரம், தெற்குக்கும் நாலரை மணி நேரம். தூரத்தை வைத்தாவது முடிவு பண்ணலாம் என்றால் அதற்கும் வழி இல்லை.

இதில் மூன்றாவதாக மேற்கு என்று ஒன்று உண்டு. வேகஸில் தடுக்கி விழுந்தால் கையில் கொடுக்கிற டூர் நோட்டீஸ் பாதிக்கு மேல் அதற்குத்தான். கண்ணாடித் தரையில் நடக்கிற ஸ்கைவாக், 2007-ல் திறந்தது, ஹுவாலபாய் பழங்குடி மக்களின் நிலத்தில் இருக்கிறது. அது தேசியப் பூங்காவுக்குள் வராது, பூங்கா பாஸ் அங்கே செல்லாது, கண்ணாடி மேல் போனைக் கொண்டுபோகவும் விட மாட்டார்கள். ஊரிலிருந்து வருகிறவர்கள் பலர் அதைப் பார்த்துவிட்டு கிராண்ட் கேன்யன் பார்த்தாச்சு என்று திரும்புகிறார்கள். பார்த்தது தப்பில்லை, அது வேறு இடம் என்று யாராவது அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்காரர் கட்சி: தெற்கு முதலில். பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் போகிறார்கள், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும், உள்ளே பஸ் ஓடுகிறது, அம்மாவுக்கு முட்டி வலி, நடுவில் ஏதாவது ஆகித் திரும்பினாலும் முக்கியமானதைப் பார்த்த மாதிரி இருக்கும். என் கட்சி: வடக்கு முதலில். அது மே 15-லிருந்து அக்டோபர் 15 வரைதான், அப்புறம் பனி, லாட்ஜை மூடிவிடுவார்கள். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. தெற்கைப் பார்த்து முடித்தவன் அதே பள்ளத்தை இன்னொரு பக்கத்திலிருந்து பார்க்க ஐந்து மணி நேரம் காரோட்ட மாட்டான். என் வீட்டுக்காரர் நிச்சயமாக ஓட்ட மாட்டார். பதினேழு வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்.

இந்த நேரத்தில் தெற்கில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. ஆகஸ்ட் 29-லிருந்து செப்டம்பர் 5 வரை தெற்கு விளிம்பு ஓட்டல்கள் எதிலும் இரவு தங்க விடவில்லை. அதே வாரம் வடக்கில் யாரோ ரத்து செய்த கேபின் ஒன்று எனக்குக் கிடைத்தது, 26, 27 இரண்டு இரவுக்கு. அங்கே ஒரு வருஷம் முன்னாலேயே அறைகள் தீர்ந்துவிடும் என்பதால் இதைத் தெய்வச் செயல் என்றே சொன்னேன். வீட்டுக்காரர் மசியவில்லை.

கடைசியில் தீர்ப்புச் சொன்னது அத்தை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேப்பை வாங்கிப் பார்த்தார். "நாம இருக்கறது மேக்கால. வடக்க போயி, கிழக்கால இறங்கி, தெக்கால வந்து திரும்புனா வலம். தெக்க மொதல்ல போனா இடம். இம்மாந் தூரம் வந்து இடமாவாடா சுத்துவாங்க?"

வீட்டுக்காரரிடம் இதற்குப் பதில் இல்லை. கேபினை உறுதி செய்தேன்.

செப்டம்பர் 26, வியாழன். வடக்கு விளிம்பு

பயணம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐ-15 நெடுஞ்சாலையில் நெவாடாவைத் தாண்டி, அரிசோனாவின் ஒரு மூலையை வெட்டிக்கொண்டு, யூட்டாவுக்குள் நுழைந்து, ஃபிரெடோனியா வழியாகத் திரும்பவும் அரிசோனா. யூட்டாவில் மணி ஒன்று கூடியது, அரிசோனாவில் பழையபடி குறைந்தது. இந்தக் கூத்து நாளை மறுநாள் இன்னும் முற்றும், அப்போது சொல்கிறேன்.

ஜேக்கப் லேக்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டு 67-ம் எண் சாலையில் திரும்பினோம். அங்கிருந்து விளிம்புக்கு 44 மைல். பாலைவனத்தில் மூன்று மணி நேரம் வந்த பிறகு திடீரென்று காடு, உயர்ந்த பைன் மரங்கள், நடுநடுவே பச்சைப் புல்வெளி, ஓரமெல்லாம் ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகிக்கொண்டிருக்கின்றன. அந்த இலை காற்றே இல்லாவிட்டாலும் ஆடுகிறது. அரச இலை மாதிரி நீளக் காம்பு, அதனால் இருக்கும். புல்வெளியில் காட்டெருமைக் கூட்டம் ஒன்று படுத்திருந்தது. "இது பாலைவனம்னு சொன்னியேடா, கொடைக்கானலால்ல இருக்கு" என்றார் அத்தை.

நுழைவில் காருக்கு 35 டாலர் வாங்கினார்கள், ஏழு நாளைக்கு. அதே சீட்டு தெற்கிலும் செல்லும், தொலைத்துவிடாதீர்கள்.

லாட்ஜுக்குள் போகிற முறையைச் சொல்ல வேண்டும். வாசலிலிருந்து பள்ளம் தெரியாது. சுண்ணாம்புக் கல்லும் மரத்தூணுமாகப் பழைய கட்டிடம், உள்ளே நுழைந்து சில படி இறங்கினால் எதிரே சுவர் உயரத்துக்குக் கண்ணாடி ஜன்னல்கள், அப்போதுதான் அது தெரிகிறது. சட்டென்று. அத்தை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார், பின்னால் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். 1928-ல் கட்டி, 1932-ல் எரிந்து, 1937-ல் மறுபடி கட்டிய லாட்ஜாம். ஒரு மூலையில் வெண்கலக் கழுதை ஒன்று உட்கார்ந்திருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் தடவித் தடவி மூக்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது. அத்தையும் தடவினார்.

[ஆகஸ்ட் 2025-ல் சேர்த்தது: மேலே எழுதியிருக்கும் லாட்ஜ் இப்போது இல்லை. ஜூலை 4 அன்று விழுந்த மின்னலில் பற்றிய டிராகன் பிராவோ காட்டுத்தீ, ஒரு வாரத்துக்குப் பிறகு காற்றில் திசை மாறி, ஜூலை 12 இரவு அதையும் சுற்றியிருந்த கேபின்கள் பலவற்றையும் எரித்துவிட்டது. வடக்கு விளிம்பை இந்த வருஷம் முழுவதும் மூடிவிட்டார்கள். கீழே எழுதியிருப்பதை அந்தக் கணக்கோடு படிக்கவும், நான் எதையும் மாற்றவில்லை.]

சாயங்காலம் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தோம். எதிரே தெரிகிற மொட்டைச் சிகரங்களின் பெயர்களை ஒருவர் தன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: தேவா டெம்பிள், பிரம்மா டெம்பிள், ஸொராஸ்டர் டெம்பிள். அத்தை என்னைக் கிள்ளினார். "பிரம்மான்னா சொன்னாரு?"

இருட்டிய பிறகு எதிர்க்கரையில், பள்ளத்துக்கு அந்தப் பக்கம், விளக்குகள் ஒரு வரிசையாகத் தெரிந்தன. அதுதான் தெற்கு. தேய்பிறை, நிலா நடுராத்திரிக்கு மேல்தான் வரும். நடுவில் இருக்கிற ஒரு மைல் ஆழம் வெறும் கறுப்பு. பார்த்துக்கொண்டே இருந்தால் விளக்கு மிதக்கிற மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 27, வெள்ளி. வடக்கு விளிம்பு

காலையில் நாலு டிகிரி. அத்தை மங்கி குல்லா, கம்பளிச் சால்வை, காலில் உறை, அதற்கு மேல் செருப்பு. பிரைட் ஏஞ்சல் பாயிண்ட்டுக்கு லாட்ஜிலிருந்து கால் மைல்தான், ஆனால் இடம் 8,000 அடிக்கு மேல், ஏற்றத்தில் நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்குகிறது. பாதி வழியில் அத்தையை ஒரு கல்லில் உட்கார வைத்துவிட்டு நான் மட்டும் முனை வரை போனேன். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் ஒரு ஆள் அகலத்துக்குப் பாதை. காற்று நின்றபோது கீழேயிருந்து ஒரு இரைச்சல் கேட்டது, குற்றாலத்தில் அருவிக்கு அரைக் கிலோமீட்டர் முன்னாலேயே கேட்குமே அது மாதிரி. ரோரிங் ஸ்பிரிங்ஸ். பாறையிலிருந்து பீறிடுகிற ஊற்று, மூவாயிரம் அடிக்கும் கீழே. தெற்கு விளிம்பு மொத்தத்துக்கும் குடிதண்ணீர் அங்கிருந்துதான் போகிறது! குழாயில் பள்ளத்துக்குள் இறங்கி, ஆற்றைத் தாண்டி, அந்தப் பக்கம் பம்ப் வைத்து மேலே ஏற்றுகிறார்கள். பன்னிரண்டரை மைல் குழாய், 1960-களில் போட்டது, 2010-லிருந்து மட்டும் 85 தடவைக்கு மேல் பெரிதாக உடைந்திருக்கிறது. போன மாதம் நம் புக்கிங்கைக் கதிகலங்க வைத்தது இந்தக் குழாய்தான். வடக்கில் ஆளே இல்லை, தண்ணீர் இருக்கிறது. தெற்கில் லட்சக்கணக்கில் ஆள், தண்ணீர் இல்லை. காவிரிப் பாசனத்தில் பிறந்த அத்தைக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "மேக்கரைக்காரன் அடைச்சு வெச்சா என்ன ஆவும்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இன்னொன்றும் அங்கே நின்றபோதுதான் விளங்கியது. வடக்கு விளிம்பு தெற்கைவிட ஆயிரம் அடி உயரம், நிலம் மொத்தமும் தெற்குப் பார்த்துச் சரிகிறது. வடக்கில் பெய்கிற மழை, உருகுகிற பனி எல்லாம் பள்ளத்துக்குள்ளேயே ஓடி, பக்கவாட்டில் வாய்க்கால் வாய்க்காலாக அறுக்கிறது. தெற்கில் பெய்கிற மழை பள்ளத்தை விட்டு விலகி வெளியே ஓடிவிடுகிறது. அதனால் ஆறு தெற்கு விளிம்புக்குக் கிட்டே இருக்கிறது, வடக்கு விளிம்பு உள்ளே உள்ளே தேய்ந்து ரொம்பப் பின்னால் போய்விட்டது. வடக்கில் நின்றால் ஆறு சுலபத்தில் கண்ணில் படாது. தெற்கு முதலில் என்று சொன்னவர் கட்சிக்கு இந்த ஒரு மதிப்பெண் கொடுக்கத்தான் வேண்டும். ஆறு எங்கே, ஆறு எங்கே என்று அத்தை காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

பாயிண்ட் இம்பீரியல், 8,803 அடி, பூங்காவின் விளிம்பில் இதுதான் உச்சி. தொட்டபெட்டாவைவிட ஒரு நூற்றைம்பது அடி உயரம். அங்கே மேசை போட்டிருக்கிறார்கள், சின்ன கேஸ் அடுப்பில் சாதம் வைத்துப் புளிக்காய்ச்சல் கலக்கலாம் என்பது என் திட்டம். குக்கரைக் காரில் ஏற்ற வீட்டுக்காரர் விடவில்லை, பாத்திரம் போதும் என்றார். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, அரை மணி ஆகிறது, அரிசி விதை விதையாக அப்படியே கிடக்கிறது. எட்டாயிரம் அடிக்கு மேல் தண்ணீர் 92 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது, கொதிக்கிறதே தவிர வேகவைக்கிற சூடு கிடையாது. பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், பரீட்சையில் எழுதி மதிப்பெண்கூட வாங்கினேன். நறுக் நறுக்கென்று புளியோதரை சாப்பிட்டோம். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை, குக்கர் யாரால் வரவில்லை என்று அவருக்கும் தெரியும்.

சாப்பிடும்போது மரத்திலிருந்து அணில் ஒன்று இறங்கி வந்தது. நம்மூர் அணிலைப்போல் மூன்று மடங்கு இருக்கும். உடம்பு கரிக்கட்டை நிறம், காது இரண்டிலும் குஞ்சம், வால் மட்டும் பஞ்சுமாதிரி வெள்ளை, அந்த வாலை முதுகின் மேல் மடித்துப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தது. கைபாப் அணில். உலகத்திலேயே இந்த மேட்டில் மட்டும்தான் உண்டு. தெற்கு விளிம்பில் இதன் பங்காளி இருக்கிறது, வயிறு வெள்ளை, உடம்பு சாம்பல். ஒரே வம்சம்தான், நடுவில் பள்ளம். "முதுகுல கோடு இல்ல" என்றார் அத்தை. "ராமர் இந்தப் பக்கம் வரலை போல." உணவு போடக் கூடாது, போடவில்லை. வேகாத சாதத்தை அதுவும் கேட்கவில்லை.

பிற்பகல் கேப் ராயல். வடக்கில் ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் இங்கே போங்கள். லாட்ஜ் பக்கத்திலிருந்து 23 மைல் வளைவுச் சாலை, ஆனால் கார் நிறுத்தத்திலிருந்து சமதளத் தார்ப்பாதை, அத்தை சொந்தக் காலில் முழுக்க நடந்தார். வழியில் ஏஞ்சல்ஸ் விண்டோ, பாறையில் இயற்கையாக விழுந்த பெரிய துளை. அந்தத் துளை வழியாக, வெகு கீழே, சாக்பீஸால் கிழித்த மாதிரி ஒரு துண்டு ஆறு! அத்தை இரண்டு கையையும் கூப்பினார். காவிரி, கொள்ளிடம் எதைத் தாண்டினாலும் பஸ்ஸில் இருந்தபடியே கும்பிடுகிறவர், இதை மட்டும் விட்டுவிடுவாரா.

முனையில் நின்றால் நேர் எதிரே ஒரு சிகரம். அடி அகலமாக, அடுக்கடுக்காகக் குறுகி, மேலே கூராக முடிகிறது. பலகையில் பெயர்: விஷ்ணு டெம்பிள். 1880-களில் கிளாரன்ஸ் டட்டன் என்ற நிலவியல் அறிஞர், ராணுவ கேப்டன், இந்த அடுக்குகள் கீழை நாட்டுக் கோயில்களைப்போல் இருக்கின்றன என்று இப்படிப் பெயர் வைக்க ஆரம்பித்தார். அப்புறம் வந்தவர்கள் கிருஷ்ணா, ராமா, புத்தா, கன்பூசியஸ், ஜெர்மானியக் கடவுள்கள் என்று எல்லாரையும் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இந்த மண்ணில் ஆயிரம் வருஷம் வாழ்ந்தவர்களின் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் சாமிகள் நிற்பது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அத்தைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. "நாளைக்கு என்ன கிழமை?" என்றார்.

சனிக்கிழமை.

"புரட்டாசி சனிக்கிழமை" என்று திருத்தினார்.

செப்டம்பர் 28, சனி. வடக்கிலிருந்து தெற்குக்கு

சனிக்கிழமை ராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை. அதற்குள் தெற்கு போய்ச் சேர முடியாது என்பதால் ஏழே காலுக்கே கிளப்பிவிட்டார். திரும்ப 44 மைல் காடு, ஜேக்கப் லேக்கில் கிழக்கே திரும்பி 89ஏ சாலையில் இறக்கம், காடு மறைந்து வெர்மிலியன் கிளிஃப்ஸ், கிளி மூக்கு நிறத்தில் மைல் கணக்கில் செங்குத்துச் சுவர். ஒன்பது மணிக்கு நவாஹோ பாலம் வந்துவிட்டோம்.

இங்கேதான் சாலை கொலராடோவைத் தாண்டுகிறது, பள்ளம் இன்னும் அகலமாகவில்லை. இரண்டு பாலங்கள், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி பக்கத்தில் பக்கத்தில். 1929-ல் கட்டியதில் இப்போது நடக்க மட்டும் விடுகிறார்கள், 1995-ல் கட்டியதில் வண்டி போகிறது. கீழே 470 அடியில் ஆறு, பாசிப்பச்சையாக, சத்தமே இல்லாமல். நேற்று ஜன்னல் வழியாகத் தெரிந்த சாக்பீஸ் கோடு இதுதான் என்று அத்தையால் நம்ப முடியவில்லை.

பாலத்தின் நடுவில் நாலைந்து பேர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியா காண்டோர், கீழ் உத்தரத்தில் உட்கார்ந்திருக்கிறது. எங்களுக்கு இருபதடி கீழே. தலையும் கழுத்தும் மொட்டை, ஆரஞ்சு நிறம், கழுத்தைச் சுற்றிக் கறுப்பு இறகு காலர் மாதிரி, இறக்கையில் மாட்டுக்குக் காதில் போடுவார்களே அது மாதிரி எண் போட்ட ஒரு அட்டை. முதலில் ஒன்றும் செய்யவில்லை. அப்புறம் ஒரு இறக்கையை மட்டும், அவசரமே இல்லாமல், குடையை விரிப்பது போல விரித்து வெயில் காட்டியது. இரண்டும் விரித்தால் ஒன்பதரை அடி. 1982-ல் உலகத்தில் மொத்தமே 22 மிச்சம், எல்லாவற்றையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துப் பெருக்கி, 1996-லிருந்து இந்த மலைச்சுவரில்தான் அரிசோனாவில் திரும்ப விட ஆரம்பித்தார்கள். "கருடனா?" என்று கேட்டார் அத்தை. கழுகு, பிணந்தின்னி என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரர் முந்திக்கொண்டு "அந்த மாதிரிதான்மா" என்றுவிட்டார். புரட்டாசி சனிக்கிழமை, பெருமாள் கோயிலுக்குப் போகிற வழியில் கருட தரிசனம், இனி யார் என்ன சொன்னாலும் எடுபடாது.

பார்த்து முடிக்க மணி 9:40. ராகு காலத்தில் ஆற்றைத் தாண்ட மாட்டேன், பத்தரை வரை இந்தக் கரையிலேயே உட்காரலாம் என்றார் அத்தை. வீட்டுக்காரர் போனைக் காட்டினார். அரிசோனா கோடையில் கடிகாரத்தை மாற்றாது. ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் நவாஹோ மக்களின் தனி நிலம், அவர்கள் மாற்றுவார்கள். இந்தக் கரையில் 9:40 என்றால் அந்தக் கரையில் 10:40. காலை எடுத்து வைத்தால் ராகு காலம் முடிந்துவிட்டது. அத்தை ஒரு நிமிஷம் யோசித்து, மகனை ஏற இறங்கப் பார்த்து, "சரி, வண்டிய எடு" என்றார். இந்தப் பயணத்தில் வீட்டுக்காரர் ஜெயித்த ஒரே வாதம் இதுதான்.

கேமரனில் மதியச் சாப்பாடு. நவாஹோ டாக்கோ என்று தட்டு நிறைய வருகிறது, அடியில் சோளா பூரி சைஸில் பொரித்த ரொட்டி, மேலே பீன்ஸ், கறி, சீஸ். 1860-களில் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து நடத்தியே விரட்டி அடைத்து வைத்தபோது, அரசு கொடுத்த ரேஷன் மாவிலும் கொழுப்பிலும் பிறந்த ரொட்டி அது. புரட்டாசி என்பதால் வெறும் ரொட்டியும் தேனும் கேட்டு வாங்கினோம். அத்தைக்குப் பிடித்திருந்தது, இன்னொன்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

மேற்கே திரும்பிக் கிழக்கு வாசல் வழியாக தெற்கு விளிம்புக்குள் நுழைந்தோம். இரண்டு நாள் அமைதிக்குப் பிறகு டெசர்ட் வியூவில் கார் நிறுத்தவே கால் மணி நேரம். மேரி கோல்ட்டர் என்ற கட்டிடக் கலைஞர் 1932-ல் கட்டிய 70 அடிக் கல் கோபுரம் இருக்கிறது, ஏறினேன், உள்ளே ஹோப்பி பழங்குடி ஓவியங்கள் அருமை. ஆனால் வெளியே சுவரோரம் நின்றாலே போதும். ஆறு தெரிகிறது! தேட வேண்டாம், வளைந்து வளைந்து பட்டவர்த்தனமாகக் கிடக்கிறது. "இதை மொதல்லயே காட்டியிருக்கலாம்ல" என்றார் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து. நியாயம்தான். ஆனால் முதலிலேயே இதைக் காட்டியிருந்தால் அத்தை அந்த ஜன்னல் துண்டு ஆற்றைக் கும்பிட்டிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை.

கிராண்ட்வியூவில் இறங்கியபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. நேற்று தெற்குப் பார்த்து நின்று பார்த்த அதே விஷ்ணு சிகரம், இப்போது வடகிழக்கில், முதுகுப் பக்கம். அதற்குப் பின்னால் மங்கலாக ஒரு நேர்கோடு, அதுதான் நேற்று நாங்கள் நின்ற விளிம்பு. அத்தை கைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தார். கையைப் பிடித்துத் தடுத்தோம். காட்டுத்தீ ஆபத்து, கேஸ் போடுவார்கள் என்று சொல்லிப் புரியவைத்ததில் அடங்கி, கேமரனில் கட்டிய ரொட்டியைச் சிகரத்துக்கு நேரே ஒரு சுற்றுக் காட்டிவிட்டு எங்களுக்குப் பிய்த்துக் கொடுத்தார்.

செப்டம்பர் 29, ஞாயிறு. தெற்கு விளிம்பு

தெற்கைப் பற்றி எழுதாதவர்களே இல்லை, நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். விடியலில் சவுத் கைபாப் பாதையில் தனியாக ஊ-ஆ பாயிண்ட் வரை இறங்கி ஏறினேன், 0.9 மைல், எழுநூறு அடிக்கு மேல் இறக்கம். இறங்க இருபத்தைந்து நிமிஷம், ஏற ஐம்பது. மேதர் பாயிண்ட்டில் திருவிழாக் கூட்டம், பாதி இந்திய முகங்கள், நாலு பேர் எங்களிடம் தமிழில் கழிப்பறை எங்கே என்று கேட்டார்கள். பஸ் இலவசம், அடிக்கடி வருகிறது, முட்டி வலிக்காரர்களுக்கு வரம். வடக்கில் அத்தை இரண்டு இடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தார், இங்கே ஒரு தடவைகூட இல்லை. வயதானவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கணக்கில் வையுங்கள்.

பூங்காவுக்குள் சின்ன பாட்டில் தண்ணீர் விற்பது கிடையாது, குழாயில்தான் பிடிக்க வேண்டும். பார்வையாளர் மையத்து வாசலில் வரிசையில் நின்று பிடித்தேன். சில்லென்று, லேசாகச் சுண்ணாம்பு ருசி. வெள்ளிக்கிழமை காலை அந்த முனையில் நின்று கேட்ட இரைச்சல் இதுதான். என் பின்னால் நின்ற பையன் தண்ணீர் மெதுவாக வருகிறது என்று அம்மாவிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

டிரெயில் ஆஃப் டைம் என்று விளிம்போரம் ஒரு நடைபாதை. ஒரு மீட்டருக்குப் பத்து லட்சம் வருஷம் என்று கணக்கு. ஓரத்தில் அந்தந்த வயதுப் பாறைத் துண்டுகளைப் பள்ளத்திலிருந்து எடுத்துவந்து தொட்டுப் பார்க்க வைத்திருக்கிறார்கள். நடக்க முடியாது என்பதால் பழைய முனையில் இறங்கிக் கொஞ்ச தூரம் போனோம். அங்கே விஷ்ணு ஷிஸ்ட் பாறை, கிட்டத்தட்ட 175 கோடி வயது, பள்ளத்தின் அடித்தளமே அதுதான், அதன் மேல்தான் மற்ற எல்லாப் பாறையும் அடுக்கியிருக்கிறது. கறுப்பு, நெளிநெளியாக வரி, சாய்த்துப் பார்த்தால் மைக்கா மினுமினுப்பு. அத்தை உள்ளங்கையை அதன் மேல் வைத்து அப்படியே நின்றார். "மேல நிக்கிறதும் அவரு பேருதான், அடியில படுத்துக் கிடக்கறதும் அவரு பேருதானா?" ஆமாம் என்றேன். "நின்ன கோலம், கிடந்த கோலம். உக்காந்த கோலத்த எங்க வெச்சாங்க?"

சாயங்காலம் ஹோப்பி பாயிண்ட்டில் சூரிய அஸ்தமனம். வடக்கே தட்டையாகத் தெரிகிற மொட்டை மேடு சிவா டெம்பிள். 1937-ல் நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து ஒரு குழு அதன் மேல் ஏறியது, ஆயிரக்கணக்கான வருஷம் துண்டாகிப் போன அந்த உச்சியில் பிராணிகள் வேறு மாதிரி மாறியிருக்குமா என்று பார்க்க. பத்திரிகைகள் டைனோசர் ரேஞ்சுக்குக் கிளப்பிவிட்டன. கிடைத்தது எல்லா இடத்திலும் இருக்கிற சுண்டெலி. அத்தை அந்தப் பக்கமும் ஒரு கும்பிடு போட்டார், அவர் யாரையும் விட்டுவைப்பதில்லை.

அறைக்குத் திரும்பியபின் கேட்டுவிட்டேன், எது முதலில் பார்க்க வேண்டியது என்று. "வடக்குதான்" என்றார், காரணம் சொல்லவில்லை. வீட்டுக்காரர் இன்னும் தெற்குதான் என்கிறார், அடுத்த தடவை குக்கரும் வருமாம்.

ஒன்பது மணிக்கு மேல் அத்தைக்குத் தூக்கம் வராமல் விளிம்போரம் நடந்தோம். சாலையில் எல்க் மான் ஒன்று குறுக்கே நின்று, எங்களைப் பொருட்படுத்தாமல் புல்லை மேய்ந்தது. கூட்டமெல்லாம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து வடக்கே பார்த்தோம், முன்னால் ஒன்றுமே தெரியவில்லை, கண் பழகிய பிறகு வெகு தூரத்தில், நட்சத்திரத்துக்குக் கீழே, ஒரு சின்ன மஞ்சள் விளக்கு.

"அது நம்ம ரூமா?" என்றார் அத்தை.

லாட்ஜ் விளக்காக இருக்கும் என்றேன். குளிர ஆரம்பித்தது. குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு, அது அணைகிறதா என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.